பேஸ் கித்தாரும் நம் இளைஞர்களும்



ஓர் இசைக்குழு மேடையில் நிற்பதாக எண்ணிக்கொள்வோம். முன்னால் பாடகர் நிற்பார். அவருக்குப் பக்கத்தில், மெல்லிய கம்பிகளில் விரல்களை விரைவாக ஓட்டும் கித்தார்க்காரர். பின்னால் டிரம்ஸ் வாசிப்பவர். இவர்களுக்கு நடுவே, நீண்ட கழுத்தும் தடித்த நான்கு கம்பிகளும் கொண்ட ஒரு கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு, அதிகம் அசையாமல் இன்னொருவர் நிற்பார். நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்பும்போது பாடகரின் குரலைப் பாராட்டுவோம்; டிரம்ஸ்காரரின் கைவேகத்தைப் புகழ்வோம். அந்த நான்கு கம்பிக்காரரைப் பற்றி ஒரு சொல்லும் பேசமாட்டோம். ஆனால் பாதிப் பாட்டில் அவர் கையை எடுத்துவிட்டால், இன்னது குறைந்தது என்று சொல்லத் தெரியாமலே சபையில் உள்ளவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் வாக்கு. இசைக்குழு என்னும் தேருக்கு அச்சாணியாக இருப்பது அந்தப் பேஸ் கித்தார்தான்.

தோட்டப் பள்ளியில் எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுக்கும் நமக்கு இந்தக் கருவியைப் பற்றி என்ன அக்கறை என்று சிலர் கேட்கலாம். அக்கறை இருக்கிறது. ஜொகூர் மாநிலத்து ரப்பர், செம்பனைத் தோட்டங்களிலிருந்து படித்து வெளியேறிய பிள்ளைகள் பலர், கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். வார இறுதியில் நாலைந்து பேராகச் சேர்ந்து, வாடகைக்கு ஒரு பயிற்சி அறையை எடுத்துப் பாட்டு வாசிக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோர் நம்மிடம் வந்து, பையன் கித்தார் வாங்க வேண்டும் என்று நிற்கிறானே, இவன் உருப்படுவானா என்று கேட்கிறார்கள். இது சாதாரணக் கேள்வி அன்று. ஒரு மாதச் சம்பளத்தில் பெரும் பங்கும், ஓர் இளைஞனுடைய மாலைப் பொழுதுகளும் அதில் அடங்கியிருக்கின்றன. ஆகவே கருவியை முதலில் அறிந்துகொண்டு, பிறகு விடையைப் பார்ப்போம்.

பேஸ் கித்தாரின் நான்கு கம்பிகளில் மிகத் தடித்தது, அழுத்தாமல் மீட்டும்போது ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அடுத்தவை முறையே 55, 73, 98 முறை அதிர்கின்றன. சாதாரணக் கித்தாரின் மிகத் தாழ்ந்த கம்பி 82 முறை அதிரும். அப்படியானால் பேஸ் கித்தார் அதற்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கிறது என்று பொருள். கம்பி நீளமாகவும் கனமாகவும் இருந்தால் மெதுவாக அதிரும். மெதுவாக அதிர்ந்தால் ஒலி தாழும். அதனால்தான் இதன் கம்பி 34 அங்குல நீளத்துக்கு இழுத்துக் கட்டப்படுகிறது. உள்ளே ஓர் எஃகுக் கம்பியும், அதன்மேல் நெருக்கமாகச் சுற்றிய இன்னொரு கம்பியுமாகச் செய்யப்படுகிறது. இந்த உண்மை நமக்குப் புதியதன்று. மிருதங்க வித்துவான் கச்சேரிக்கு முன் தொப்பிப் பக்கத்தில் ரவைப் பசையை அப்புவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பசையின் கனம் தோலின் அதிர்வைத் தாழ்த்துகிறது. கம்பியின்மேல் கம்பி சுற்றுவதும், தோலின்மேல் ரவை அப்புவதும் ஒரே தத்துவம்தான்.

நம் தோட்டத்துத் திருவிழாக்களில் உறுமி மேளம் வாசிக்கும் பிள்ளைகளும் இதை அறிவார்கள். உறுமியின் ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் அந்தக் கனத்த முனகல், காதில் கேட்பதற்கு முன் நெஞ்சில் தட்டுகிறது அல்லவா? தாழ்ந்த ஒலியின் இயல்பு அது. உறுமியின் அடியொலிக்குக் காது பழகிய பையனுக்குப் பேஸ் கித்தாரின் மொழி அரைப்பங்கு தெரிந்துவிட்டது என்றே சொல்லலாம்.

சரி, இந்தத் தாழ்ந்த ஒலி பாட்டில் என்ன வேலை செய்கிறது? இரண்டு வேலைகள் செய்கிறது. ஒன்று தாளத்தோடு சேர்ந்தது. டிரம்ஸ்காரர் காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மும் பேஸ் கித்தாரும் ஒரே கணத்தில் விழ வேண்டும். இம்மியளவு பிசகினாலும் பாட்டு நொண்டும். மற்றொரு வேலை சுரத்தோடு சேர்ந்தது. நம் கச்சேரியில் தம்பூரா சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் மாறாமல் மீட்டிக்கொண்டிருக்கும். மேற்கத்திய முறையில் அமைந்த பாட்டில் அடிச்சுரம் மாறிக்கொண்டே போகும். அதை மாற்றிக் காட்டுபவர் பேஸ் வாசிப்பவர். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மேலே மற்றக் கருவிகள் ச, க, ப என்னும் மூன்று சுரங்களை, அந்தர காந்தாரத்தோடு, ஒருசேர ஒலிக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே பேஸ் கித்தார் சட்ஜமத்தை வாசித்தால் அந்தக் கூட்டொலி நிறைவாகவும் மகிழ்ச்சியாகவும் கேட்கும். மேலே யாரும் விரலை அசைக்க வேண்டாம். பேஸ் மட்டும் கீழே இறங்கிச் சதுச்ருதி தைவதத்தை வாசிக்கட்டும். அதே மூன்று சுரங்களும் உடனே ஏக்கம் தோய்ந்து ஒலிக்கும். வீட்டில் ஆர்மோனியம் இருந்தால் இன்றே வாசித்துப் பார்க்கலாம். மேலே இருப்பவர்கள் சொல்லும் சொல்லுக்குப் பொருள் தருபவர் கீழே இருப்பவர் என்பது அப்போது விளங்கும்.

இக்கருவியின் வரலாறு நீண்டதன்று. முன்பு இந்த வேலையைச் செய்தது ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் டபுள் பேஸ் என்னும் பெரிய வயலின் இனத்துக் கருவி. அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது பெரும்பாடு. கூட்டம் மிகுந்த அரங்கில் அது சரியாகக் கேட்பதும் இல்லை. 1930-களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்பவர் மின்சாரத்தில் இயங்கும் பேஸ் ஒன்றைச் செய்தார். அது பரவவில்லை. 1951-இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த லியோ ஃபெண்டர் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ்தான் உலகெங்கும் சென்றது. பிரிசிஷன் என்றால் துல்லியம். வீணையின் 24 மெட்டுகளைப் போல இதன் கழுத்திலும் உலோக மெட்டுகள் உண்டு. விரலை உரிய இடத்தில் வைத்தால் சுரம் பிசகாது. டபுள் பேஸில் அந்த வசதி இல்லை. இதனால் முறையான சங்கீதப் பள்ளிக்குப் போக வசதியில்லாத இளைஞர்களுக்கும் இக்கருவி கைக்கெட்டியது.

இனி சிங்கப்பூருக்கு வருவோம். 1961 நவம்பரில் இங்கிலாந்துப் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் 'ஷேடோஸ்' என்னும் அவருடைய குழுவும் கேலாங்கில் அப்போதிருந்த ஹேப்பி வேர்ல்டு அரங்கில் நிகழ்ச்சி நடத்தினார்கள். அந்தக் குழுவின் பேஸ் வாசிப்பாளர் ஜெட் ஹாரிஸ். இரண்டு கித்தார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ் என்ற அந்த நால்வர் அமைப்பு சிங்கப்பூர் இளைஞர்களின் மனத்தைக் கவர்ந்தது. பள்ளிக்கூடங்களிலும் சமூக மன்றங்களிலும் நால்வர் குழுக்கள் தோன்றின. குவீன்ஸ்டவுன் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தொடங்கிய 'குவெஸ்ட்ஸ்' அவற்றுள் புகழ்பெற்றது. 1964-இல் அவர்கள் வெளியிட்ட 'ஷான்டி' என்னும் வாத்திய இசைத்தட்டு சிங்கப்பூர் வரிசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. உள்ளூர்க் குழுவொன்று அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதன்முறை. அக்குழுவில் பேஸ் வாசித்தவர் ஹென்றி சுவா. பிற்காலத்தில், 2001-இல், அந்தக் குழுவின் வரலாற்றைப் புத்தகமாக எழுதியவரும் அவரே. இதில் நாம் வியப்படையவில்லை. மேடையில் எல்லாரையும் கவனித்துக்கொண்டு நிற்பவரே பேஸ் வாசிப்பவர். பின்னாளில் நடந்ததைச் சொல்லத் தகுதி வாய்ந்தவரும் அவர்தானே?

நம்மவர்களில் அலெக்ஸ் அபிஷேகநாதனைக் குறிப்பிட வேண்டும். 1926-இல் பிறந்த இவரைச் சிங்கப்பூரில் கித்தாரின் தந்தை என்றே குறிப்பிடுகிறார்கள். செவ்வியல் கித்தாரோடு டபுள் பேஸும் வாசித்தவர். நம்மைப் போலக் கல்வித் துறையில் பணியாற்றியவர். 1970-இல் தொலைக்காட்சி மூலம் கித்தார் பாடம் நடத்தினார். 1981-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கித்தார்க் குழுவைத் தொடங்கினார். 1988-இல் நாட்டின் உயரிய கலைவிருதான கலாசாரப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. ஆசிரியத் தொழிலும் இசையும் ஒன்றையொன்று கெடுக்கும் என்பார்க்கு அவருடைய வாழ்க்கையே மறுமொழி.

அடுத்த தலைமுறையில் முற்றிலும் வேறான ஒரு குழு எழுந்தது. 1992-இல் தொடங்கிய 'ருத்ரா' அதன் பெயர். மெட்டல் என்னும் பேரொலி இசையோடு வடமொழி மந்திரங்களையும் வேதாந்தக் கருத்துகளையும் இணைத்தார்கள். இதை வேத மெட்டல் என்று அழைக்கலாயினர். முதல் இசைத்தொகுப்பு 1998-இல் வந்தது. 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் 'பிரம்மவித்யா' என்னும் மூன்று தொகுப்புகள் வந்தன. இக்குழுவின் பாடகரும் பேஸ் வாசிப்பாளரும் கதிரேசன் என்ற ஒருவரே. வாயால் ஒரு தாளநடையில் பாடிக்கொண்டே விரலால் வேறொரு நடையை வாசிப்பது எளிதன்று. ஒரு கையில் தாளம் போட்டுக்கொண்டு கற்பனைசுரம் பாடிப் பழகியவர்களுக்கு அதன் அருமை தெரியும். பெரியவர்களுக்கு இந்த இசை காதடைக்கும் இரைச்சலாகத் தோன்றலாம். ஆனால் இசைக் கல்வியாளர் யூஜின் தைரியநாதன் இக்குழுவையும் சிங்கப்பூர்த் தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளத்தையும் ஆராய்ந்து 2009-இல் கட்டுரை எழுதினார். நாம் இரைச்சல் என்று ஒதுக்கியதற்குள் பிள்ளைகள் தாங்கள் யார் என்ற கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இப்படிப் பெயர் பெற்றவர்கள் சிலரே. பெயர் தெரியாதவர்கள் பலர். தீபாவளிக் கலைநிகழ்ச்சிகளிலும் திருமண விருந்துகளிலும் திரைப்பாடல் வாசிக்கும் குழுக்களைச் சேர்ந்தவர்கள் அவர்கள். 1976-இல் 'அன்னக்கிளி' படத்தின் வழியே வந்த இளையராஜா, தாமே கித்தார் பயின்றவர். அவருடைய பாடல்களில் பேஸ் கித்தார் அடிச்சுரத்தை மட்டும் தட்டிக்கொண்டிராமல், பாடகரின் மெட்டுக்கு எதிர்மெட்டுப் போலத் தனியே நடக்கும். ஏ.ஆர். ரகுமானின் பல பாடல்களில் சென்னைக் கலைஞர் கீத் பீட்டர்ஸ் பேஸ் வாசித்திருக்கிறார். ஆகவே தமிழ்த் திரைப்பாடலை உள்ளபடி வாசிக்க வேண்டுமானால், பேஸ் வாசிப்பவர் ஏனோதானோ என்று இருக்க முடியாது. இது ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் உரியது என்றும் எண்ண வேண்டாம். 1996-இல் பிறந்த மும்பைப் பெண் மோகினி டே, ரகுமானின் மேடைகளில் பேஸ் வாசித்து உலகப் புகழ் பெற்றவர்.

கற்க விரும்பும் இளைஞர்களுக்குச் சில செய்திகளைச் சொல்லுவோம். சிராங்கூன் சாலைப் பக்கம் போனால் மிருதங்கமும் ஆர்மோனியமும் கிடைக்கும். கித்தார் வகைகளுக்கு நகர மண்டபப் பகுதியில் உள்ள பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பெயர் பெற்றது. முதல் கருவி விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. நன்றாகப் பராமரித்த பழைய கருவியே போதும். வலக்கையின் ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் மாற்றி மாற்றி மீட்டப் பழகவேண்டும். தாளக்கருவி ஒன்றை வைத்துக்கொண்டு, முதலில் மிக மெதுவாக வாசிக்கவேண்டும். விளம்ப காலத்தில் நிற்கத் தெரியாதவனுக்குத் துரித காலம் கைகூடாது. எந்தச் சுரத்தை எப்போது வாசிப்பது என்பதைப் போலவே, எப்போது நிறுத்துவது என்பதையும் கற்கவேண்டும். நீளும் சுரத்தைக் கையால் அணைத்து நிறுத்தாவிட்டால் பாட்டு முழுவதும் சேறாகிவிடும்.

அடுக்குமாடி வீட்டில் வாசிப்பவர்களுக்கு ஒரு சொல். வினாடிக்கு 41 முறை அதிரும் ஒலியின் ஓர் அலை எட்டு மீட்டருக்கும் மேல் நீளமுடையது. இத்தகைய ஒலியைச் சாதாரணச் சுவர் தடுப்பதில்லை. உங்களுக்கு மெல்லியதாகத் தோன்றும் ஒலி, பக்கத்து வீட்டுக் குழந்தையின் தொட்டிலை எட்டும். காதொலிக் கருவியை மாட்டிக்கொண்டு பழகுவதே அண்டை வீட்டார்க்குச் செய்யும் மரியாதை. அதையும் அளவான ஒலியில் கேட்கவேண்டும். 85 டெசிபெல் அளவுள்ள ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் கேட்பது தீங்கு. ஒலி ஏற ஏற அந்த நேரம் வேகமாகக் குறையும். மேடையில் காதடைப்பான் போட்டுக்கொள்வதில் வெட்கமில்லை. போன செவிப்புலன் திரும்பி வராது.

இப்போது பெற்றோரின் கேள்விக்கு வருவோம். இதைக்கொண்டு பிழைக்க முடியுமா? உண்மையைச் சொல்வதானால், இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துபவர் மிகச் சிலர். ஒரு நிகழ்ச்சிக்குக் கிடைக்கும் வெள்ளியை ஐந்து பேர் பங்கிட்டு, பயிற்சி அறை வாடகையும் வண்டிச் செலவும் போனால், மிஞ்சுவது கொஞ்சம். சிங்கப்பூர் ஆண்பிள்ளைகளுக்கு 18 வயதில் தேசிய சேவை வருகிறது. ஒருவர் போனால் குழு குலைகிறது. 2020-இல் நோய்த்தொற்றுக் காலத்தில் உணவகங்களின் நேரடி இசை நின்றது. அது மீண்டும் வர 2022 ஆயிற்று. அன்று கையில் வேறு வேலை இல்லாதவர்கள் பட்ட பாடு பெரிது. ஆகவே பகல் வேலையை விடாதே என்பதே நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் முதல் அறிவுரை.

ஆனால் கருவியையும் விடாதே என்பது இரண்டாவது அறிவுரை. காரணத்தைச் சொல்லுவோம். இப்பொழுது பல விருந்து மண்டபங்களில், பதிவு செய்த 'மைனஸ் ஒன்' இசையைப் போட்டுவிட்டுப் பாடகர் மட்டும் நின்று பாடுகிறார். செலவு குறைவு, கருவிகளைச் சுமக்க வேண்டியதில்லை. பாடுபவர் ஓர் அடியை மறந்து தடுமாறினால் அந்தப் பதிவு என்ன செய்யும்? அது தன் போக்கில் போய்க்கொண்டே இருக்கும். உயிருள்ள பேஸ் வாசிப்பாளர் அப்படிப் போகமாட்டார். பாடகரின் முகத்தைப் பார்ப்பார். அதே இடத்தை இன்னொரு சுற்று வாசிப்பார். டிரம்ஸ்காரருக்குத் தலையசைத்துக் காட்டுவார். பாடகர் மறுபடி வந்து சேர்ந்துகொள்வார். சபையில் ஒருவருக்கும் நடந்தது தெரியாது. தடுமாறியவனுக்காகக் காத்திருந்து அவனைக் கூட்டிக்கொண்டு போகும் இந்தப் பழக்கம், மேடைக்கு வெளியேயும் ஒரு மனிதனுக்கு வேண்டியதல்லவா? மேடைகள் குறையக் குறைய, அதைக் கற்றுக்கொள்ளும் இடங்களும் குறைகின்றன. நம் விழாக்களில் ஆண்டுக்கு ஒரு நிகழ்ச்சியையாவது உள்ளூர் இளைஞர் குழுவுக்குக் கொடுத்தால் அந்தப் பழக்கம் பிழைக்கும்.

அமெரிக்காவின் டெட்ராயிட் நகரில் மோடவுன் என்னும் இசைத்தட்டு நிறுவனத்தில் ஜேம்ஸ் ஜேமர்சன் என்பவர் பேஸ் வாசித்தார். ஆட்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டுவார். 1960-களில் உலகம் முழுவதும் ஆடிப் பாடிய பாடல்களின் அடியில் அவருடைய விரல் இருந்தது. ஆனால் 1971 வரை அந்நிறுவனத்தின் இசைத்தட்டு உறைகளில் வாத்தியக்காரர் பெயர்கள் அச்சாகவில்லை. அவர் 1983-இல் காலமானார். இன்று பேஸ் கற்கும் எந்த நாட்டு மாணவனும் அவருடைய வாசிப்பைப் பாடமாகக் கேட்கிறான்.

வகுப்பறையிலும் இத்தகைய பிள்ளைகள் உண்டு. கையை உயர்த்தாத பிள்ளை; நாடகத்தில் முக்கிய வேடம் கேட்காத பிள்ளை; ஆனால் நாற்காலி அடுக்கச் சொன்னால் முதலில் வந்து நிற்கும் பிள்ளை. இசைக்குழு தொடங்கும்போது, பாட ஒருவன், கித்தாருக்கு ஒருவன் என்று எல்லாம் பங்கிட்டபின், மிஞ்சியதை வாங்கிக்கொள் என்று பேஸ் கித்தாரை இப்படிப்பட்ட ஒருவனிடம் கொடுப்பது வழக்கம். மிஞ்சியது என்று கொடுக்கப்படுவதுதான் எல்லாரையும் தாங்குகிறது. நேரத்துக்கு வருபவன், பிறரைக் கேட்பவன், தன்னை அடக்கி வாசிப்பவன் என்ற மூன்று குணங்களும் இதில் தானாகப் படிகின்றன. அவை தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் குடும்பத்திலும் உதவும்.

ஆகவே, பெற்றோர்களே, உங்கள் மகனோ மகளோ நான்கு கம்பிக் கருவி ஒன்றைக் கேட்டு நின்றால், உடனே மறுக்க வேண்டாம். வேலையை ஒழுங்காகப் பார்க்கிறானா, யாரோடு சேர்ந்து வாசிக்கிறான், எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறான் என்று கேளுங்கள். விடைகள் சரியாக இருந்தால், வாங்கிக் கொடுங்கள். பிறகு ஒரு நாள் அவர்களுடைய நிகழ்ச்சிக்குப் போய் உட்காருங்கள். பாடகரைச் சற்று மறந்துவிட்டு, அடியில் ஒலிக்கும் அந்தக் கனத்த ஒலியை மட்டும் ஒரு பாட்டு முழுவதும் கேட்டுப் பாருங்கள்.